காலாண்டு முடிந்தது, இனி வாயைப் பழக்குங்கள்

பத்தாம் வகுப்பில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் ஐப்பசி மாதக் குறிப்பு

காலாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வந்திருக்கும். திட்டியும் முடித்திருப்பீர்கள். இனி மழை, தீபாவளி, மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு. பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வு, செய்முறை, பொதுத்தேர்வு என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஒரு பிள்ளைக்குப் புதிதாக எதையாவது பழக்க வேண்டுமானால் அரையாண்டுக்கு முந்தைய இந்தச் சில வாரங்கள்தான் உண்டு. ஜனவரியில் என்னைத் தேடி வட்டார வள மையத்துக்கு ஓடி வருகிறவர்களுக்கு என்னால் டீ வாங்கிக் கொடுக்க முடியும், வேறொன்றும் பெரிதாகச் செய்ய முடியாது.

முதலில் காகித வேலை. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வேகமாகச் செய்துவிடுங்கள். மருத்துவச் சான்றை எடுத்துத் தேதியைப் பாருங்கள். எட்டு வயதில் வாங்கிய கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதில் மறுபரிசோதனை செய்து புதுப்பிக்க வேண்டும் என்று 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த வயதைத் தாண்டியிருக்கும். புதுப்பிக்கவில்லையா? மாவட்ட அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் என்றைக்கு என்று நாளைக் காலையே விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் இரண்டு நகல். பிள்ளையின் பெயர் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், முதலெழுத்து உட்பட. சலுகைக்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது. தேர்வுத்துறைக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பு கொடுங்கள். என்னென்ன சலுகை கேட்டிருக்கிறீர்கள் என்று ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. மொழி விலக்கு கிடைக்கிறதே என்பதற்காகவே அதைக் கேட்டுவிடாதீர்கள். பிள்ளையை உட்கார வைத்துக் கேளுங்கள். ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கு அது பெருமை.

காகிதம் முடிந்தது. இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

சொல்வதை எழுதுபவரை ஸ்கிரைப் என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். ஸ்கிரைப் கிடைத்துவிட்டால் பிள்ளை பாஸ் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. போன மார்ச்சில் அந்த நம்பிக்கையோடு தேர்வறைக்குள் போன ஒரு பையனைச் சொல்கிறேன். ஒயரையும் பேட்டரியையும் கொடுத்தால் சுற்றைக் கட்டி பல்பை எரிய வைத்துவிடுவான். ஓம் விதியைக் கேட்டால், "வோல்டேஜ் கூடினா கரண்ட் கூடும், ரெசிஸ்டன்ஸ் கூடினா கரண்ட் குறையும் மிஸ், தண்ணி பைப்பு மாதிரி" என்பான். சான்று இருந்தது, அனுமதி ஆணை இருந்தது, கூடுதல் நேரம் இருந்தது. எழுத வந்தவர் வேறு பள்ளி ஆசிரியர், பொறுமையான மனிதர். வெளியே வந்தவன் சொன்னான்: "அவரு என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு மிஸ். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தையும் அவன் மின்விசிறியைப் பார்த்தே கழித்திருக்கிறான்.

வருடம் முழுக்க டியூஷனில் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தேன். ஒவ்வொரு விடையையும் பத்துத் தடவை காப்பி எழுத வைத்தார்களாம். தேர்வில் பேனா பிடிக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்ட கைக்குப் பத்து மாதம் பயிற்சி. பேச வேண்டிய வாய்க்கு, "சத்தம் போடாம எழுது".

சொல்லிப் பழகாத பிள்ளைக்கு ஸ்கிரைப் கொடுத்துப் பயனில்லை. இந்த வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

தெரிந்ததைப் பேசுவது வேறு, விடையாகச் சொல்வது வேறு. நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியைப் பேனாவோடு உட்கார வைத்து, மழைநீர் சேகரிப்பு பற்றி ஐந்து மதிப்பெண் விடை ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் பட்டம் வாங்கியவர். மூன்றாவது வாக்கியத்தில், முதல் வாக்கியத்தில் என்ன சொன்னோம் என்பது மறந்திருக்கும். அவன் எழுதி முடிப்பதற்குள் அடுத்த கருத்து நழுவியிருக்கும். "அதாவது... அந்த இது..." என்பீர்கள். ஸ்கிரைப் உங்கள் வாயிலிருந்து வருவதைத்தான் எழுதுவார், திருத்தவோ சேர்க்கவோ அவருக்கு உரிமை இல்லை. எதையும் மனதில் அதிக நேரம் நிறுத்தி வைக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்?

எனவே இன்றிலிருந்து செய்ய வேண்டியது. ஒவ்வொரு நாளும் டியூஷன் நேரத்தில் பாதி, பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுவது. ஆமாம், பேனா உங்கள் கையில். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து விரல். சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சொல்லை வைக்கச் சொல்லுங்கள்: காரணம், இடம், ஆள், விளைவு, முடிவு, அல்லது அந்தப் பாடத்துக்கு எது பொருந்துமோ அது. ஒரு கருத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு விரலை மடக்கட்டும். எங்கே விட்டோம் என்று அவன் தேட வேண்டியதில்லை, மடங்காத விரல் சொல்லிவிடும். தேர்வறையில் விரலை மடக்க யாரும் தடை போடப் போவதில்லை.

ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பேனா நிற்கும்வரை காத்திருக்கட்டும். "தலைப்பு", "அடுத்த பத்தி", "அடிக்கோடு", "முற்றுப்புள்ளி" என்ற சொற்கள் அவன் வாயில் தானாக வர வேண்டும். நீங்கள் எழுதுகையில் கொடூரமாக இருங்கள். அவன் "அந்த இது" என்று சொன்னால் "அந்த இது" என்றே எழுதுங்கள். பிறகு வாசித்துக் காட்டுங்கள். முதல் வாரம் அவனுக்கே சிரிப்பு வரும், மூன்றாவது வாரம் அந்த இதுகள் குறைந்துவிடும். இரக்கப்பட்டு நீங்கள் நிரப்பி எழுதினீர்களோ, அந்த இரக்கத்துக்கான விலையை மார்ச்சில் அவன் கொடுப்பான்.

கணக்குக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள், ஏனென்றால் வாயால் கணக்குச் சொல்வது தனி மொழி. "எக்ஸ் கூட்டல் 1-இன் வர்க்கம்" என்று பிள்ளை சொன்னால் எதற்கு வர்க்கம்? எக்ஸுக்கும் சேர்த்தா, 1-க்கு மட்டுமா? அடைப்பைத் திற, அடைப்பை மூடு, மேலே, கீழே, அடுத்த வரி, சமக்குறிக்கு நேராக என்று சொல்லப் பழக வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். "ஏபி என்று 5 செ.மீ கோடு, ஏ-யை மையமாக வைத்து..." என்று படிப்படியாகச் சொல்ல முடிகிறதா என்று வாரம் ஒன்றாவது பாருங்கள். வரைபடத்தில் அளவுத்திட்டத்தை முதலில் சொல்ல மறப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. சமூக அறிவியல் நிலப்படத்துக்கும் இதே கதைதான்.

அடுத்தது, ஆள் மாற்றம். இதைத்தான் நல்ல டியூஷன் அக்காக்களும் விட்டுவிடுகிறார்கள். உங்களிடம் சரளமாகச் சொல்கிற பிள்ளை, தெரியாத ஆசிரியர் முன்னால் ஊமையாகிவிடும். பத்து வருடமாக வகுப்பில் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டுச் சிரித்திருக்கிறார்கள், அந்தக் கூச்சம் ஒரு நாளில் போகாது. அரையாண்டுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்களுக்கு அவன் விடை சொல்லியிருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் அண்ணன், ஓய்வுபெற்ற தபால்கார மாமா, யாரானாலும் சரி. ஒரே நிபந்தனை: அந்த ஆள் உதவக் கூடாது. "சார், அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படிங்க" என்ற வாக்கியத்தை அவன் தினமும் ஒரு முறையாவது உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கத் தெரியாததால் கேள்வியைப் பாதி புரிந்துகொண்டு விடை சொன்ன பெண்ணும் போன ஆண்டு ஒருத்தி உண்டு. அவள் எடுத்த மதிப்பெண்ணைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லிப் பழகாத பிள்ளைக்கு ஸ்கிரைப் கொடுத்துப் பயனில்லை. இரண்டாம் முறை சொல்கிறேன். அரையாண்டு முடியட்டும் என்று நினைக்கும் அம்மா அப்பாக்களே, உங்களிடம்தான் சொல்கிறேன்.

"அப்படியானால் எழுதப் படிக்கவே சொல்லித்தர வேண்டாமா மிஸ்?" என்று ஒரு டியூஷன் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. தினமும் பதினைந்து நிமிடம் வாசிப்புக்குக் கொடுங்கள், அதுவும் பாடத்தில் அடிக்கடி வரும் சொற்களை. தமிழில் கொம்பு எழுத்துக்குமுன் நிற்கிறது, அதன் ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. "கெ" என்பதைக் கண் ஒரு வரிசையில் பார்க்க, வாய் வேறு வரிசையில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே "க" கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. இதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான தடைகள், சோம்பேறித்தனத்தால் வருபவை இல்லை. கொம்பைத் தனி நிறத்தில் எழுதிக் காட்டுங்கள், விரலால் தடவிச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் ழகர ளகரத்தைத் திருத்தி உட்காரும் காலம் ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு ஐப்பசியில் சிவப்பு மையோடு பிழை வட்டமிடுகிறவர் தன் மன நிம்மதிக்காகத்தான் அதைச் செய்கிறார்.

ஒரு இடைச்செருகல். 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்து அழுதுவிட்டு என்னிடம் பேசுகிறவர்கள் நிறைய. நல்ல படம்தான். ஆனால் அதில் வரும் இஷான் சின்னப் பையன், ஓவியப் போட்டியோடு கதை முடிந்துவிடுகிறது. அவனுக்குப் பதினைந்து வயதாகிப் பொதுத்தேர்வு எழுதும் கதையை யாரும் எடுக்கவில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு மீசை அரும்பிவிட்டது. "எனக்கு ஸ்கிரைப் வேணாம், பசங்க கேலி பண்ணுவாங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை அதட்டாதீர்கள். இரண்டு தாள் கொடுத்து, ஒன்றைத் தானே எழுதவும் இன்னொன்றைச் சொல்லவும் வைத்து, இரண்டின் மதிப்பெண்ணையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

அறிவியல் செய்முறையை அலட்சியம் செய்யாதீர்கள். 25 மதிப்பெண், அதில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 போதும். கையால் செய்து காட்டுவதில் இந்தப் பிள்ளைகள் பலர் வகுப்பில் முதல் ஆளாக இருப்பார்கள். அந்தப் பதிவேட்டை இப்போதே முடித்து வையுங்கள், பிப்ரவரியில் இரவு கண்விழித்து அம்மா எழுதித்தர வேண்டாம்.

அரையாண்டிலேயே ஸ்கிரைப் வைத்துத் தேர்வெழுத அனுமதிக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். "பொதுத்தேர்வுக்குத்தானே அதெல்லாம்" என்று பதில் வரும். திரும்பக் கேளுங்கள். ஒத்திகை இல்லாமல் நேரே மேடை ஏறு என்று பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குக்கூட நாம் சொல்வதில்லையே. பள்ளியில் ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், ஒருநாள் நானே வந்து எழுதுகிறேன்.

மழைக்காக விடுமுறை விட்டார்களானால், அன்று காலை வீட்டில் 10 மணிக்கு ஒரு பழைய வினாத்தாளை எடுங்கள். 10 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் விவரம் நிரப்ப, 10.15-க்குத் தொடங்கி, கூடுதல் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம். மதியம் 2.15 வரை. நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு களைப்பாக்கும் என்பது அன்று தெரியும். தொண்டை வறளும், தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். முதல் தடவை இரண்டு மணி நேரத்திலேயே "போதும்" என்பான். விடுங்கள். அடுத்த மழைக்கு இரண்டரை மணி நேரம்.

சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 1 வரை வட்டார வள மையத்தில் இருப்பேன். பிள்ளையைக் கூட்டி வாருங்கள். கைடு புத்தகத்தை மூட்டையாகக் கட்டி வர வேண்டாம். காலாண்டு வினாத்தாள் ஒன்று, வெள்ளைத்தாள் நாலு, கூடவே வந்து எழுத ஒரு ஆள் போதும்.