1987 ஜூலைக்கு முன் பிறந்த அகதிப் பிள்ளைகள்

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் தவிர, தாய் தந்தை எந்த நாட்டவர் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களுக்கு முதல் நான்கு ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் இதில் அடங்குவார்கள். மண்டபம் அகதி முகாமில் பிறந்தாலும், காஞ்சிபுரம் ஓரிக்கையில் ஒரு வாடகை வீட்டில் பிறந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இவர்கள் செய்யவே கூடாத காரியம், குடியுரிமை கேட்டு மனு கொடுப்பது. கேட்ட மாத்திரத்தில், அது தம்மிடம் இல்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டதாகிவிடுகிறது. வெளிநாட்டவர் குடியுரிமை பெறுவதற்கான 5, 6-ஆம் பிரிவுகளுக்குள் அந்த மனு போய் விழும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பிரிவுகள், உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துகின்றன. இங்கேயே பிறந்தவர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை என்பது கோப்பைப் புரட்டுகிறவருக்குத் தோன்றுவது அபூர்வம். அகதிப் பதிவில் பெயர் இருக்கிறது, அவ்வளவு போதும் அவருக்கு. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களும், விவரம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சொந்தக்காரர்களும் இந்த வழியைத்தான் முதலில் காட்டுவார்கள். அவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. மனு கொடுத்தவருக்குத்தான், கோப்பு நகர்வதற்குள், அரசு வேலைக்கான வயது கடந்துவிடுகிறது.

கேட்க வேண்டியது பாஸ்போர்ட். விண்ணப்பத்தில் குடியுரிமை எவ்வகையில் என்ற இடத்தில் 'பிறப்பால்' என்று குறித்துப் பிறப்புச் சான்றை இணைக்க வேண்டும். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் அப்படித்தான் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.

பிறப்புச் சான்றைப் பொறுத்தவரை, குடியிருந்த ஊரில் அல்ல, பிரசவம் நடந்த ஊரில்தான் பிறப்பு பதிவாகியிருக்கும். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவருக்கு அன்றைய நகராட்சி, இன்றைய மாநகராட்சி. ஓரிக்கையில் வீட்டிலேயே பிறந்தவர் அங்கே தேடிப் பயனில்லை. அந்நாளில் ஓரிக்கை நகராட்சிக்குள் இல்லை, தனி ஊராட்சி. கிராமத்தில் எழுதிய பழைய பிறப்புப் பதிவேட்டைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டும். இது தெரியாமல் மாநகராட்சியில் 'பதிவு இல்லை' என்று சான்று வாங்கி, கோட்டாட்சியர் ஆணையோடு புதிதாகப் பதிந்துகொள்வது சுலபமாகத் தோன்றும். முப்பது வருடம் கழித்து எழுதிய பதிவை யார்தான் சந்தேகமில்லாமல் பார்ப்பார்கள்? பழைய பதிவில் குழந்தையின் பெயர் விடுபட்டிருந்தாலும் பாதகமில்லை, பெயர் சேர்க்கக் கால அவகாசம் இருந்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். தேதியும் பெற்றோர் பெயரும் இருந்தால் போதும்.

1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இன்னொருவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆகவே ஒரே வீட்டில் அக்காள் இந்தியர், தம்பி அகதி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவிக்கிறது. தம்பிக்கு அதனால் வழக்கு வராது, குடியுரிமையும் வராது.