பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில் பில்டர்?



எமது குடும்பக் கூட்டங்களில் விதை, உரம், வீட்டு நட்டஈடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கம்பனி ஒயில் பில்டர் நல்லது?" என்பதே அது. விவசாயக் குடும்பங்களுக்கான இதழில் இதற்கு ஏன் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையாலும் மண்சரிவாலும் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்களிடம் கேட்டால் விடை கிடைக்கும். தங்கியிருப்பது ஓரிடம், மரக்கறித் தோட்டம் இருப்பது வேறிடம். காலையில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போய், மாலையில் போஞ்சியும் லீக்ஸும் கட்டிக்கொண்டு கம்பளைக்கோ கட்டுகஸ்தோட்டைக்கோ இறங்கி வருவதற்கு இருப்பது அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான். அது நின்றால் தோட்டமும் நின்றுவிடும்.

அதுவும் பழைய வண்டி. 2020 மார்ச் மாதம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதித்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை எல்லோரும் அறிவோம். இன்று புது வண்டி வாங்கும் நிலையில் எம்மில் பலர் இல்லை. ஆகவே கையிலிருக்கும் எஞ்சினை இன்னும் சில ஆண்டுகள் ஓட வைக்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறோம். வீடு போயிற்று, சுசுகி ஜிஎன்125 வண்டி மட்டும் தப்பியது. வீட்டுக்காரர் கவனமான மனிதர். ஒயில் மாற்றும் நாளில் மறக்காமல் புதுப் பில்டரும் வாங்கினார். கடைக்காரர் கொடுத்த பெட்டியில் ஜப்பான் எழுத்துகள் அழகாக அச்சிடப்பட்டிருந்தன, விலையும் பாதி. இரண்டு மாதம் கழித்து, மூட்டையோடு மேடேறும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கராஜில் திறந்து பார்த்தபோது பில்டரின் பசை சூட்டில் விட்டுப்போய், காகிதம் நசுங்கி ஒயில் போகும் வழியை அடைத்திருந்தது. கிராங் பெயாரிங் முடிந்துவிட்டது. அதைச் சரிசெய்யச் செலவான பணத்துக்கு நல்ல பில்டர் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று அவரே கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கை இங்கே எழுத எமக்கு மனமில்லை.

முதலில், பில்டர் இருக்கிறதா?

எந்தக் கம்பனி என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. எமது பக்கத்தில் ஓடும் பழைய வண்டிகளில் பலவற்றுக்குக் காகிதப் பில்டரே கிடையாது. ஹொண்டா சி50, சி90, எம்டி90, சிஜி125, பின்னர் இந்தியாவிலிருந்து வந்த ஹீரோ ஹொண்டா சிடி100, ஸ்ப்ளெண்டர் ஆகியவை அந்த வகை. இவற்றுக்குப் பில்டர் வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், எதை மாற்றப்போகிறார் என்று கேளுங்கள்.

இவற்றில் ஒயிலைச் சுத்தம் செய்பவை இரண்டு. ஒன்று, கீழே ஒயில் உறிஞ்சப்படும் இடத்திலுள்ள கம்பி வலை. தேநீர் வடியைப் போல இது பெரிய துணிக்கைகளை மட்டும் தடுக்கும். மற்றது கிராங் தண்டின் முனையில் அதோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம். மழை நாளில் ஓடும் சைக்கிள் சில்லு சேற்றை வெளிப்பக்கமாக வீசுகிறதல்லவா? அதே முறைதான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும்போது ஒயிலைவிடக் கனமான இரும்புத் தூளும் கசடும் கிண்ணத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நடுவிலுள்ள சுத்தமான ஒயில் கிராங்குக்குப் போகிறது. காகிதம் இல்லை, வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் கிண்ணம் தானாகச் சுத்தமாகாது. சுமார் 12,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை வலப்பக்க மூடியைக் கழற்றி, கிண்ணத்தின் மூடியையும் திறந்து, உள்ளே களிமண் போல இறுகியிருக்கும் கரிய படிவைச் சுரண்டி எடுத்து, பெற்றோலில் கழுவித் துணியால் துடைக்க வேண்டும். வலையையும் அப்போதே கழுவலாம். பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் திறக்கப்படாத கிண்ணங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒன்றில் விரல் நுழைய இடமில்லை.

இதற்குத் தேவையான செலவு ஒரு புது மூடிக் கஸ்கட்டும் ஒரு பகல் வேலையும்தான். பழைய கஸ்கட்டையே பசை தடவிப் போடும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. பிதுங்கி உள்ளே விழும் பசைத் துண்டு கம்பி வலையை அடைக்கும்.

யமஹா ஆர்எக்ஸ்100, சுசுகி ஏஎக்ஸ்100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் வைத்திருப்போருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அவற்றில் எஞ்சின் ஒயில் பெற்றோலோடு எரிந்துபோகிறது. கியர்ப் பெட்டி ஒயிலை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்றினால் போதும்.

காகிதப் பில்டர் உள்ள வண்டிகள்

சுசுகி ஜிஎன்125, ஜிஎஸ்125, பஜாஜ் பல்சர் 150 போன்றவற்றில் எஞ்சினின் பக்கத்தில் சிறிய வட்ட மூடி இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த பில்டர் உண்டு. தேங்காய்ப் பாலைக் கம்பி வடியில் வடிப்பதற்கும் வெள்ளைத் துணியில் வடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே பொருந்தும். மனித முடியின் தடிப்பில் பாதிகூட இல்லாத துணிக்கைகளையும் நல்ல காகிதம் பிடித்துவிடும். எமது வண்டிகளுக்கு இது முக்கியம். காரில் மூன்று நான்கு லீற்றர் ஒயில் இருக்கும். அதன் கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய். 125 சிசி வண்டியில் ஏறக்குறைய ஒரு லீற்றர்தான், அதே ஒயில்தான் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும். கிளச் தேய்ந்த தூளும் கியர் தேய்ந்த தூளும் அதிலேயே கலக்கின்றன.

இனிக் கம்பனிகளுக்கு வருவோம்.

வண்டிக் கம்பனியின் சொந்தப் பில்டரை எமது முதல் தெரிவாகச் சொல்கிறோம். சுசுகியின் பில்டர் இலக்கம் 16510 என்று தொடங்கும். பஜாஜுக்கு டேவிட் பீரிஸ், ஹொண்டாவுக்கு ஸ்டபர்ட், யமஹாவுக்கு ஏஎம்டபிள்யூ என இலங்கையில் முகவர்கள் உள்ளனர். முகவரிடமோ அவர் அங்கீகரித்த கடையிலோ வாங்கினால் பொருள் அசல் என்ற நிம்மதி உண்டு.

வெளிக் கம்பனிகளில் தாய்லாந்தில் செய்யப்படும் ஹைஃப்ளோஃபில்ட்ரோ நம்பத்தக்கது. ஜிஎன்125, ஜிஎஸ்125 இரண்டுக்கும் அதன் இலக்கம் எச்எஃப்131. அமெரிக்கக் கம்பனியான கே அண்ட் என் அதே அளவுப் பில்டருக்கு 131 என்ற இலக்கத்தையே இட்டிருக்கிறது. எனவே கடையில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதைக் கேட்கலாம். ஆயினும் போஞ்சி மூட்டை ஏற்றும் 125 சிசி வண்டிக்கு, பந்தய வண்டிக்காரர் விரும்பும் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையில்லை என்பது எமது அபிப்பிராயம். இந்திய வண்டிகளுக்குப் பியூரோலேட்டர், பொஷ் முதலிய பெயர்களிலும் பில்டர்கள் உண்டு. அசலாக இருந்தால் அவற்றையும் தயங்காமல் போடலாம்.

"அசலாக இருந்தால்" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன பெயர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் சிறியது. அவற்றுக்கும் பெயரில்லாத பெட்டிக்கும் இடையே உள்ள வித்தியாசமே பெரியது. பெட்டியை யாரும் அச்சடிக்கலாம். ஆகவே கழற்றிய பழைய பில்டரைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். புதியதை அதன் பக்கத்தில் வைத்து உயரமும் நடுத்துவாரமும் சரியா என்று பாருங்கள். மடிப்புகளை எண்ணுங்கள். மலிவுப் பில்டரில் மடிப்புகள் குறைவாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும்; மடிப்புக் குறைந்தால் அழுக்குப் பிடிக்கும் இடமும் குறையும். காகிதமும் தகடும் சேரும் இடத்தில் பசை முழுவட்டமாக ஓடியிருக்கிறதா? பெருவிரலால் இலேசாக அமத்திப் பாருங்கள், அசையக் கூடாது. ரப்பர் வளையம் இருந்தால் அது மென்மையாக வளைய வேண்டும். கடைக்காரர் பெட்டியைத் திறக்க விடாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். கண்டியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

நல்ல பில்டரையும் தவறாகப் பூட்டிக் கெடுக்கலாம். ஒரு பக்கம் துவாரம், மறுபக்கம் மூடிய தகடு உள்ள பில்டரைத் திருப்பிப் போட்டால் ஒயில் வடியாமலே போகும், அல்லது போகவே போகாது. சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பார்கள். குறிப்பு இல்லாவிட்டால் பழையதைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்த்துவையுங்கள். உள்ளிருக்கும் சுருள்வில்லும் ரப்பர் வளையங்களும் பழைய பில்டரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. மூடியின் நட்டுகளைப் பலங்கொண்டு இறுக்கவும் வேண்டாம். அலுமினியத்தில் புரி போனால் அது தனிச் செலவு.

காகிதப் பில்டரைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடலாமா என்று ஒரு தாயார் கேட்டார். சிக்கனத்தை மெச்சுகிறோம்; ஆனால் கூடாது. கம்பி வலையும் கிண்ணமும் கழுவுவதற்கென்றே அமைந்தவை. காகிதத்தின் நுண்துளைக்குள் புகுந்த தூள் வெளியே வராது. பில்டர் அடைத்துப்போனாலும் உடனே தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. எஞ்சின் ஒயில் இல்லாமல் காயக் கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். பில்டர் அடைத்தால் அது திறந்து அழுக்கு ஒயிலையே உள்ளே விடும். வண்டி வழமைபோல ஓடும், உள்ளே தேய்ந்துகொண்டே போகும்.

வெள்ளத்தில் கிடந்த வண்டி

ஆற்று நீரிலோ சேற்றிலோ கிடந்த வண்டியை "ஸ்டார்ட் வருகிறதா" என்று மிதித்துப் பார்ப்பதே பலர் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். முதலில் ஒயிலை இறக்குங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றுங்கள். காபரேற்றரையும் பெற்றோல் தாங்கியையும் வடித்து, எயார் பில்டரை மாற்றுங்கள். நனைந்த காகித ஒயில் பில்டரை எறிந்துவிட வேண்டும். ஊறிய காகிதம் கிழியும். மலிவான புது ஒயில் ஊற்றிச் சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு இறக்குங்கள். வெண்ணிறம் போகும்வரை இப்படிச் செய்த பிறகே நல்ல ஒயிலும் நல்ல பில்டரும். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிட்டுக் கழுவும் முறை சில கராஜ்களில் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வழுக்கும் தன்மை போதாது. அந்தச் சில நிமிடத்திலேயே பெயாரிங் உரசும்.

ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. போத்தலில் 4டி என்பதோடு ஜாசோ எம்ஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும் கிளச்சுக்கு ஏற்ற ஒயிலைக் குறிக்கும் ஜப்பானிய முத்திரை அது. மிஞ்சிய கார் ஒயில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால் மேட்டில் கிளச் வழுக்கலாம். சாதாரணமாக 3,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவார்கள். ஆனால் கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு மூட்டையோடு இரண்டாம் கியரில் ஏறும் எஞ்சின், அதே தூரத்தைச் சமவெளியில் ஓடும் எஞ்சினைவிட அதிகம் சுற்றுகிறது. தூரமானி அதைக் காட்டாது. ஆகவே மலைப் பாதையில் சுமை ஏற்றுவோர் 2,000 கிலோமீற்றரிலேயே மாற்றுவது நல்லது. பத்துக் கன்னியர் உவமையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். எண்ணெய் தீர்ந்ததைக் கடைசி நேரத்தில் கண்டவர்களின் நிலை தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை ஒயில் அளவையும் பாருங்கள். பழைய எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும்.

இறக்கிய ஒயிலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். அது கீழே குடிப்பவரின் பீலித் தண்ணீருக்கும் கடைசியில் மகாவலிக்கும் போகிறது. மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள். கையில் பட்டதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம்.

அடுத்த குடும்பக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பில்டரை எறியாமல் ஒரு பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். எந்தக் கம்பனி, எப்போது பூட்டியது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் மேசையில் வைத்து வெட்டி, காகிதத்தை விரித்துப் பார்ப்போம். சி90, சிஜி125 வைத்திருப்போர் கிண்ணத்தில் சுரண்டிய படிவைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் போதும். பழைய பத்திரிகைத் தாளும் ஒரு வாளும் நாம் கொண்டுவருவோம்.