ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

ஏ.ஐ. ஏஜென்ட் என்ற சொல் இப்போது எங்கும் அடிபடுகிறது. கேள்வி கேட்டால் பதில் மட்டும் தருவது சாட்பாட். ஒரு வேலையைச் சொன்னால், அதற்குத் தேவையான புரோகிராம்களைத் தானே இயக்கி முடித்துத் தருவது ஏஜென்ட். அப்படி அது இயக்கும் ஒவ்வொரு சிறிய புரோகிராமும் ஒரு டூல். எந்த டூலை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? டூலின் பெயர், அதற்குத் தர வேண்டிய தகவல்களின் பட்டியல், நாம் எழுதி வைக்கும் சில வரி விளக்கம் ஆகியவற்றைப் படித்துத்தான். பொதுவாக டூலின் உள்ளே உள்ள புரோகிராம் வரிகள் அதன் பார்வைக்கு வருவதில்லை.

டூல்களை ஏஜென்ட்டுடன் இணைக்க எம்.சி.பி. என்ற பொது வழிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. கூகுள் விளம்பரக் கணக்குகளுக்கான எம்.சி.பி. சர்வரை 2025 அக்டோபரில் கூகுளே வெளியிட்டது. வெளியானபோது அதில் தகவலைப் படிக்க மட்டுமே முடியும். விளம்பரத்தை மாற்ற முடியாது.

ஓர் உதாரணம்

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே ஒரு லேத் பட்டறை இருப்பதாக வைத்துக் கொள்வோம். தொழிற்சாலைகளின் ஜாப் ஒர்க் ஆர்டருக்காக அதன் உரிமையாளர் கூகுளில் விளம்பரம் தருகிறார். விளம்பரத் தகவலை எக்செல் ஷீட்டில் எக்ஸ்போர்ட் செய்திட ஒரு டூல் அமைக்கிறார். அதற்கு அவர் எழுதும் விளக்கம்: "விளம்பரத் தகவலை எக்ஸ்போர்ட் செய்யும்." இது போதுமா? போதாது. நான்கு இடங்களில் ஏஜென்ட் தடுமாறும்.

1. பணம்: கூகுள் விளம்பர ஏ.பி.ஐ. செலவை மைக்ரோ அளவில் தருகிறது. ஒரு ரூபாய் என்பது 10 லட்சம் மைக்ரோ. எனவே 1,850 ரூபாய்ச் செலவு 185 கோடி என்ற எண்ணாக வரும். விளக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால், ஏஜென்ட் அதையே ரூபாய் என்று ஷீட்டில் எழுதிவிடலாம்.

2. தேதி: ஏ.பி.ஐ.யில் 'கடந்த 7 நாட்கள்' என்பதில் இன்றைய நாள் சேராது. உரிமையாளர் இன்றையதையும் சேர்த்தே கேட்டிருப்பார்.

3. இடம்: எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் இருப்பவர், கும்மிடிப்பூண்டியில் லேத் பட்டறை தேடுகிறார். அவரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் ரிப்போர்ட் வேறு. அவர் ஆர்வம் காட்டும் இடத்தையும் சேர்த்துக் காட்டும் ரிப்போர்ட் வேறு.

4. வெற்று நாட்கள்: நாள் வாரியாகக் கேட்டால், விளம்பரம் ஒரு முறைகூடத் தெரியாத நாளுக்கு வரியே வராது. 30 நாட்களுக்கு 24 வரிகள்தான் வந்தால், தினசரி சராசரி தவறாகும்.

சரியான விளக்கம்

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஒரு கூகுள் விளம்பரக் கணக்கின் தினசரிச் செலவு, க்ளிக் எண்ணிக்கை ஆகியவற்றை எக்செல் ஷீட்டாகத் தரும். முடிந்துபோன நாட்களின் கணக்கைப் பயனாளர் கேட்கும்போது மட்டும் பயன்படுத்தவும். விளம்பரத்தை நிறுத்தவோ பட்ஜெட்டை மாற்றவோ இதனால் முடியாது. கணக்கு எண் 10 இலக்கங்கள். நடுவில் கோடு கூடாது. தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் கட்டாயம். 2026-01-05 என்பது போல வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தரவும். செலவு ரூபாயாக மாற்றப்பட்டே வரும். மீண்டும் வகுக்க வேண்டாம். ஜிஎஸ்டி சேராது. ஊர் என்பது ஆள் இருந்த இடம். வரி இல்லாத நாளைப் பூஜ்யமாகக் கொள்ளவும். பிழைச் செய்தி வந்தால் எண்ணை ஊகிக்காமல் பயனாளரிடம் சொல்லவும்."

கவனியுங்கள். என்ன செய்யும், எப்போது பயன்படுத்துவது, என்ன செய்யாது, என்ன தர வேண்டும், என்ன திரும்ப வரும், தவறினால் என்ன செய்வது என்ற ஆறும் இதில் உள்ளன. நீங்கள் எந்த டூலுக்கு எழுதினாலும் இந்த ஆறையும் சரிபார்த்திடுங்கள். ரூபாயாக மாற்றுவதை டூலின் புரோகிராம் உண்மையிலேயே செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். விளக்கம் ஒன்று சொல்லி, புரோகிராம் வேறொன்று செய்தால், விளக்கமே இல்லாததைவிட மோசம்.

விளக்கம் பூட்டு அல்ல

"மாற்ற முடியாது" என்று எழுதியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. டூலின் புரோகிராமிலேயே மாற்றும் கட்டளைகள் எதுவும் இருக்கக் கூடாது. அது பயன்படுத்தும் லாக் இன்னுக்கும் பார்வையிடும் அனுமதி மட்டும் தந்திடுங்கள். பட்ஜெட்டை மாற்றும் டூல் தேவையென்றால் அதைத் தனியாக, வேறு பெயரில் அமைத்து, ஒவ்வொரு முறையும் உங்கள் சம்மதம் கேட்கும்படி வைத்திடுங்கள்.

சோதனை

டூல் தயாரானதும் ஒரே ஒரு நாளின் கணக்கைக் கேளுங்கள். கூகுள் விளம்பரக் கணக்கைப் பிரவுசரில் திறந்து, அதே நாளின் செலவுடன் ஒப்பிடுங்கள். பின்னர், "போன வாரம் எவ்வளவு செலவானது?" என்று பேச்சு வழக்கில் கேட்டு, எந்தத் தேதிகளை எடுத்தது என்று பாருங்கள். தவறினால், எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கண்டறிந்து அந்த வரியைத் திருத்திடுங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே, அந்த ஷீட்டைப் பார்த்து அடுத்த மாத விளம்பரப் பணத்தை முடிவு செய்யலாம்.