காத்திருக்கும் நேரமும் கணிப்பொறியும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

வேலைக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. இன்றோ வேலை செய்யும் கருவிக்குள்ளேயே விளையாட்டு புகுந்துவிட்டது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரின் கருவிகளே இதற்குச் சான்று.

இது முற்றிலும் புதிதன்று. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ் என்பது நிரல் எழுதப் பயன்படும் மென்பொருள். பின்னாளில் அதில் டெட்ரிஸ் விளையாட்டும் சேர்ந்தது. ஆனால், நாம் கட்டளையிட்டு அழைத்தால்தான் அது வரும்.

2025-இல் அமெரிக்காவின் கிளாட் லேப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'சாட்' என்னும் கருவி வேறு வகை. செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதி முடிக்கும்வரை, அதே திரையில் குறுங்காணொளி பார்க்கலாம், சூதாட்டமும் ஆடலாம்! கைப்பேசியை எடுத்தால் வேலையை மறந்துவிடுவோம், இங்கேயே இருந்தால் உடனே திரும்பலாம் என்பது அவர்கள் வாதம்.

கண் திரும்பிவிடும், கருத்து திரும்புமா? ஒரு வேலையைவிட்டு மற்றொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் எழுதினார். நிரலில் எந்த மாறிக்கு என்ன மதிப்பு, எந்த நிபந்தனையில் சுழற்சி நிற்கும் என்பவற்றையெல்லாம் ஒருசேர மனத்தில் தாங்க வேண்டும். பாதிக் கவனம் அதற்குப் போதாது.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் படகு கடலுக்குப் போகாத நாளில் கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். பேச்சும் சிரிப்பும் குறைவின்றி நடக்கும். ஆயினும் கையும் கண்ணும் வலையை விட்டு அகலா. களிப்பு வேலைக்குத் துணையாக அமைவது இப்படித்தான்.

செயற்கை நுண்ணறிவு தரும் நிரலில் பிழை இருக்கக்கூடும். அதைப் படித்துச் சோதிப்பது நம் பொறுப்பு. காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில், எந்தெந்த உள்ளீடு கொடுத்துச் சோதிக்கலாம், பூச்சியம் கொடுத்தால் என்ன விடை வரவேண்டும் என்று தாளில் குறித்து வைக்கலாம். அதுவே நாம் வலையைச் சரிசெய்யும் நேரம்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலர் வீட்டில் கணிப்பொறி இல்லை. ஆய்வகத்தில் கிடைக்கும் நேரமே நம் முதல். விளையாட்டு வேண்டாம் என்று நான் கூறவில்லை; மாலையில் திடலில் மனமார ஆடுவோம். ஆய்வக நேரத்தை மட்டும் எவருடைய கருவிக்கும் பறிகொடாதிருப்போமாக!