அமுக்கமானி சொல்வதும் சொல்லாததும்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில் நீங்கும்வரை, பழைய கார்களுக்கு ஏற்பட்ட மதிப்பை மட்டக்களப்பு வாவியின் இருகரையினரும் நன்கு அறிவர். அத்தகைய காரை வாங்குமுன்னரோ, வாங்கியதைப் பேணுமிடத்தோ, வீட்டு முற்றத்திலேயே ‘கொம்பிறசன்’ பார்த்துவிட விரும்புவது நியாயமே. பிளக் இருந்த துவாரத்தில் அமுக்கமானியைப் பூட்டி, பிஸ்டன் காற்றை எவ்வளவு நெருக்குகிறது என்று காணும் இப்பரிசோதனை எளியது. அதன் விளைவுக்குப் பொருள் காண்பதில்தான் பிழையான அபிப்பிராயங்கள் பல வழங்குகின்றன.

நம்பிக்கை: ஒரு பிளக்கைக் கழற்றி, சாவியைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

உண்மை: எஞ்சின் ஓடிச் சூடேறி, பற்றரி நிறைவாக இருந்து, எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டு, பெற்றோல் வரவும் தீப்பொறியும் துண்டிக்கப்பட்டு, அக்சிலரேட்டர் முழுதும் அழுத்தப்பட்ட நிலையில், ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்தாறு முறை காற்றை நெருக்குமாறு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால்தான் கிடைக்கும் எண் பிரமாணமாகும். அக்சிலரேட்டரை அழுத்தாவிடின் காற்றின் வழி அடைபட்டு, குறையற்ற சிலிண்டரும் குறையுடையதாகத் தோன்றும். கழற்றிய துவாரங்களின் வழியே பெற்றோல் ஆவி வெளிவரக்கூடுமாதலால், தீப்பொறியைத் துண்டிப்பது அளவின் நிமித்தம் மாத்திரமன்று, உயிரின் நிமித்தமும் ஆகும்.

நம்பிக்கை: எண் எவ்வளவு கூடுகிறதோ, எஞ்சின் அவ்வளவு நல்லது.

உண்மை: பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 180 இறாத்தல் வரை காட்டுவது வழக்கம், அவ்வெஞ்சினுக்குரிய கைநூல் கூறும் அளவையும் மிஞ்சி முள் ஏறுமாயின், பிஸ்டனின் தலையில் கரி படிந்து இடத்தைச் சுருக்கியிருக்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். எண்ணின் பெருமையைக் காட்டிலும், சிலிண்டர்களுக்கிடையிலுள்ள ஒற்றுமையே முக்கியம்; மிகக் குறைந்தது மிகக் கூடியதன் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கினால் ஆராயவேண்டும் என்பது பழகிவந்த ஒரு நியதி. இடமும் கணக்கிற்குரியது: கடல்மட்டத்தை ஒட்டிய மட்டக்களப்பில் 150 இறாத்தல் காட்டும் கார், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில், வளியமுக்கம் ஐந்திலொரு பங்கு குறைந்திருப்பதால், 120 அளவிலேயே நிற்கும். ஆகவே மலைநாட்டில் கார் பார்க்கச் செல்லும் நம்மவர், அந்த எண்ணைக் கண்டமாத்திரத்தில் எஞ்சினைப் பழிக்கலாகாது.

நம்பிக்கை: அமுக்கம் குறைந்தால் றிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்கவேண்டும்.

உண்மை: பிரிக்குமுன், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைப் பிளக் துவாரத்தின் வழியே விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஒயில் றிங்கின் இடுக்கை அடைக்குமாதலால், எண் கணிசமாக உயர்ந்தால் குற்றம் றிங்கிலோ சிலிண்டர்ச் சுவரிலோ உள்ளது. உயராவிடின் வால்வையோ ஹெட் கஸ்கட்டையோ நோக்கவேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே கஸ்கட் எரிந்திருப்பது பெரும்பாலும் காரணமாகும். வால்வு இடைவெளி நெருங்கி, வால்வு முழுதும் மூடாமற் போவதாலும் அமுக்கம் கசியும். மொரிஸ் மைனரில் 0.012 அங்குலமாக இருக்கவேண்டிய அவ்விடைவெளியைச் சரிசெய்ய, ஒரு ஸ்பானரும், ஸ்குரூ டிரைவரும், அளவுத் தகடும், பொறுமையுமே வேண்டும்.

நம்பிக்கை: நீலப் புகை வந்தால் கொம்பிறசன் போய்விட்டது.

உண்மை: நீலப் புகை ஒயில் எரிவதன் அடையாளம். வால்வுத் தண்டின் சீல் கெட்டாலும், ஒயிலை வழிக்கும் கீழ் றிங் அடைபட்டாலும் புகை வரும். அமுக்கம் குன்றாதிருக்கவும் கூடும்.

நம்பிக்கை: வெள்ளத்தில் நின்ற கார், நீர் வடிந்தபின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் தப்பிவிட்டது.

உண்மை: 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மட்டக்களப்பில் இதைவிடப் பெருநட்டம் தரும் நம்பிக்கை வேறில்லை. காற்று நெருங்கும், நீர் நெருங்காது. சிலிண்டருள் நீர் தேங்கியிருக்க ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், மேலேற இடமற்ற பிஸ்டனைத் தாங்கும் கொனெக்ரிங் றொட் வளையும். வளைந்த றொட்டுடன் எஞ்சின் சில காலம் ஓடவும் கூடும். ஆனால் அந்தப் பிஸ்டன் உச்சியை எட்டாதாகையால் அச்சிலிண்டரின் அமுக்கம் குறைந்து நிற்கும், ஒயில் விட்டாலும் பிறவற்றுக்கு நிகராவதில்லை. ஆதலால் முதலில் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி நீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றி, பின்னரே ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் அமுக்கத்தை அளப்பது விவேகம்.

நம்பிக்கை: ஒரே மானி எல்லா வாகனத்துக்கும் பொருந்தும்.

உண்மை: டீசல் எஞ்சினில் 400 இறாத்தல் வரையும் அதற்கு மேலும் அமுக்கம் எழக்கூடுமாதலால், பெற்றோல் மானி அதைத் தாங்காது. பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் வழமையான ஸ்டார்ட்டர் இல்லை; உயர் மின்னழுத்த மோட்டாரே எஞ்சினைச் சுழற்றுகிறது. அது வீட்டு முற்றத்திற்குரிய வேலையன்று.

எந்தச் சிலிண்டரில் எத்தனை இறாத்தல், ஒயில் விட்டபின் எத்தனை என்று திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்து, கராஜுக்குச் செல்லும்போது அதையும் எடுத்துச் செல்வோமாயின், எஞ்சினைத் திறக்குமுன்னரே எங்கே திறக்கவேண்டும் என்பதை மெக்கானிக்குடன் பேசித் தீர்மானிக்கலாம். திறக்கவே வேண்டியதில்லை என்பது தெளியும் சந்தர்ப்பமும் உண்டு.