உங்கள் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?

சில மாதங்களுக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவர், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 அந்த இயந்திரத்தில் ஏறாது. "லினக்ஸ் போடலாமென்றால் திரையில் 32-பிட் என்று இருக்கிறது சார். அதற்கு இப்போது லினக்ஸும் வருவதில்லையாமே?" என்றார். பள்ளியில் படிக்கும் பெண் இருக்கிற வீடு. புதிது வாங்குவது அவருக்கு எளிதல்ல. நேரில் போய்ப் பார்த்தேன்.

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்றொரு வரி இருக்கும். அந்த ஒரே வரியில் இரண்டு செய்திகள் உண்டு. முதல் பாதி விண்டோஸைப் பற்றியது. இரண்டாம் பாதிதான் பிராசஸரைப் பற்றியது. நண்பர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். இரண்டாம் பாதியில் 'எக்ஸ்64' என்றிருந்தது. அதாவது 64-பிட் பிராசஸரில் யாரோ 32-பிட் விண்டோஸை ஏற்றி வைத்திருக்கிறார்கள்!

ரயில்வேக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறேன். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000. சில இடங்களில் ஒரே ஸ்லீப்பர் கட்டையின் மேல் மூன்று தண்டவாளம் போட்டிருப்போம். இரண்டு வண்டியும் ஓடும். 64-பிட் பிராசஸர் அந்த மாதிரி. 32-பிட் பிராசஸரோ வெறும் மீட்டர் கேஜ். அதில் 64-பிட் லினக்ஸ் ஓடாது. ஓட்டிப் பார்த்தாலும் கெடுதல் இல்லை. 'இந்த பிராசஸர் போதாது' என்று செய்தி காட்டி நின்றுவிடும்.

அடுத்த குழப்பம் பெயர்களில். 'ஏஎம்டி64' என்று பார்த்ததும், "எங்களுடையது இன்டெல் ஆயிற்றே" என்று பலர் தயங்குகிறார்கள். இந்த 64-பிட் முறையை 2003-இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி நிறுவனம். இன்டெல்லும் பின்னர் அதையே ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'எக்ஸ்86_64' என்பதும் அதுவேதான். 'ஐ386' என்றால் 32-பிட். 'ஏஆர்எம்64' முற்றிலும் வேறு இனம். ராஸ்பெரி பை போன்றவற்றுக்கு உரியது. 64 என்றால் 64-தானே என்று நானே ஒருமுறை இதை இரவெல்லாம் இறக்கி, காலையில் அசடு வழிந்தேன். 2020-க்குப் பின் வந்த எம்1 ஆப்பிள் கம்ப்யூட்டர்களும் ஏஆர்எம் இனமே. ஆனால் அவற்றுக்கு அசாஹி என்று தனி லினக்ஸ் முயற்சி இருக்கிறது.

உண்மையிலேயே 32-பிட் பிராசஸர் என்றால்? 2008 வாக்கில் சிறு நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 அப்படிப்பட்டது. உபுண்டு தன் 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பை 2017-இலேயே நிறுத்திவிட்டது. டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்புதான் 32-பிட்டில் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் அந்த வசதி இல்லை. இத்தகைய இயந்திரத்தை வங்கிக் கணக்கு பார்க்கப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டு கேட்க வைத்துக்கொள்ளலாம்.

64-பிட்டிலும் மேடு பள்ளம் உண்டு. ரெட் ஹாட் 10, 2013 வாக்கில் வந்த ஹாஸ்வெல் தலைமுறைப் பிராசஸர்களின் கட்டளைகளை எதிர்பார்க்கிறது. டெபியன், மின்ட் போன்றவற்றுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை.

நண்பருடையது 2 ஜிபி ராம் உள்ள கோர் 2 டியோ. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் குறைந்தபட்சத் தேவையே 2 ஜிபிதான். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, ஒலி, திரை, வைஃபை எல்லாம் சரிபார்த்தோம். இப்படிச் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. புகைப்படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகுதான் பழையதை அழிக்கச் சம்மதித்தேன். வைஃபை மட்டும் அடம் பிடித்தது. கேபிளைச் செருகி, மின்ட்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் சரியாயிற்று. வேகம் சுமார்தான், பிரௌசரில் நான்கைந்து பக்கம் திறந்தால் திணறுகிறது. இன்னொரு 2 ஜிபி ராம் தேடிக்கொண்டிருக்கிறோம். பழையது யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். டிடிஆர்2 வகையாக இருக்கவேண்டும்.