சோயா அவரையும் மண்ணீர்க் குறைவும்

பயிர் வாடிய பின்னர் நீர் பாய்ச்சினாற் போதும் என்பார் உளர். அக்கூற்று எல்லாப் பருவத்துக்கும் பொருந்துமா என்பதைச் சோயா அவரையைக் கொண்டு ஆராய்வாம்.

இதன் விதை முளைத்தற்குத் தன் நிறையில் ஏறத்தாழ 50 சதவீத நீரை உறிஞ்சுதல் வேண்டும். சோளத்துக்கு 30 சதவீதமே போதும். முளைத்தபின் மண்ணீர் குறையின் இலைவாய்கள் மூடுகின்றன. காபனீரொட்சைட்டு உட்புகுதல் தடைப்பட, ஒளித்தொகுப்புக் குன்றுகின்றது. வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியங்கள் வளிமண்டல நைதரசனைப் பதிக்குந் தொழிலோ அதனினும் முந்தித் தளர்கின்றது. இலை சிறுக்கும், தண்டு குறுகும். எனினும், இளம்பருவத்தில் மீண்டும் நீர் கிடைப்பின் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். பூக்கள் உதிரினும், பூத்தல் சில வாரங்கள் நீடிப்பதாற் பின்வரும் பூக்கள் ஓரளவு ஈடுசெய்யும்.

காய்பிடித்து விதை பருக்குங் காலத்து வறட்சி அத்தகையதன்று. இளங்காய்கள் உதிரும், இலைகள் முன்னரே பழுத்து விழ, விதை நிரம்புங் காலங் குறுகும், எஞ்சிய விதைகளும் சிறுக்கும். அப்பொழுது ஈடுசெய்யப் புதிய பூக்கள் இல்லை.

ஆதலின், அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளிற் சிறுபோகத்தில் இதனைப் பயிரிடுவோர், குளத்து நீரைத் தொடக்கத்திலேயே செலவிட்டு விடாது, காய் நிரம்பும் பருவத்துக்கென ஒரு பங்கைப் பேணுதல் வேண்டும். பிந்திப் பாய்ச்சும் நீர் வாடிய இலையைத் தேற்றலாம். உதிர்ந்த காயை மீட்பதில்லை.